பை மாற்றும் இடம்

கும்பகோணம் 612001. மயிலாடுதுறை 609001. சிதம்பரம் 608001. கடலூர் 607001. நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் அப்பா சொல்லிவிடுவார். எல்லோரும் ஆர்.எம்.எஸ். என்று சொல்கிற ரயில்வே மெயில் சர்வீஸில் 36 வருடம் சார்ட்டராக இருந்தவர். ஓடுகிற ரயிலில் நின்றபடியே கடிதம் பிரிக்கும் வேலை. எதிரே சின்னச் சின்ன அறைகள் அடுக்கிய பலகை இருக்கும். கையில் இருக்கிற கட்டிலிருந்து ஒவ்வொரு உறையாக எடுத்து, முகவரியைப் பார்த்த மாத்திரத்தில் அதற்குரிய அறைக்குள் போட வேண்டும். ஓர் அறை நிரம்பியதும் கட்டாகக் கட்டி, மேலே ஒரு சீட்டு வைத்து, ஊர்ப் பெயரும் தேதியும் போட வேண்டும். 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு நடைமுறைக்கு வந்தபோது அப்பா வேலையில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. தானும் பின்கோடும் ஒன்றாக வேலைக்கு வந்தவர்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மாலை, கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்தார். கடைசி வாய் இறங்கியிருக்கும். டம்ளர் இன்னும் கையில்தான் இருந்தது. அடியில் நுரை ஒட்டியிருந்தது. சமையலறைப் பக்கம் திரும்பி, "இன்றைக்குக் காபி கிடையாதா?" என்று கேட்டார். அம்மா, "இப்போதுதானே குடித்தீர்கள்?" என்றார். அப்பா டம்ளரைப் பார்த்தார். சிரித்து மழுப்பவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அது யார் குடித்த டம்ளர் என்று யோசிப்பவர்போல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பார்வைதான் என்னை டாக்டரிடம் ஓட வைத்தது.

டாக்டர் மரியாதையான மனிதர். "ஐயா, மூன்று சொல் சொல்கிறேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பூ, நாற்காலி, ஆறு" என்றார். வேறு விஷயங்கள் பேசிவிட்டு ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, "எதையாவது சொல்லச் சொன்னீர்களா?" என்று அப்பா திருப்பிக் கேட்டார். அடுத்து, இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டார் டாக்டர். அப்பா என் முகத்தைப் பார்த்தார். தேதி போடாமல் ஒரு கட்டைக்கூட வெளியே அனுப்பாத மனிதர். அவர் கூனிக் குறுகிய அந்தக் கணத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

எம்.ஆர்.ஐ. படத்தில், புது நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி ஓரளவு சுருங்கியிருந்தது. அல்சைமர் நோயின் தொடக்கநிலை என்றார்கள். "மூளையில் செல்கள் செத்துவிட்டனவா, டாக்டர்?" என்று கேட்டேன். "சில செத்திருக்கும். ஆனால் செல் சாவதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே அவற்றுக்கு நடுவில் இருக்கிற இணைப்பு போய்விடுகிறது. சினாப்ஸ் தெரியும் அல்லவா?" என்றார்.

தெரியும். இருபது வருடமாகப் பதினோராம் வகுப்புக்கு விலங்கியல் நடத்துகிறேன். கரும்பலகையில் சினாப்ஸ் படம் வரையாத வருடம் கிடையாது. இந்தப் பக்கம் ஒரு குமிழ், அந்தப் பக்கம் ஒரு கிண்ணம், நடுவில் ஒரு இடைவெளி, அதில் சில புள்ளிகள். ஐந்து மதிப்பெண் கேள்வி. அந்த இடைவெளியில்தான் என் அப்பா தொலைந்துகொண்டிருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அன்று தொடங்கிய வாசிப்பு இன்றுவரை நிற்கவில்லை. படித்ததில் என் மனதில் தங்கியதை, வீட்டில் இதே நிலையில் ஒருவரை வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

மூளை என்பது பிரிவே இல்லாத ஒரே வலை என்றுதான் ஒரு காலத்தில் பலர் நம்பினார்கள். ஸ்பெயின் நாட்டு சாண்டியாகோ ரமோன் இ காஹால், ஒவ்வொரு நியூரானும் தனித்தனி செல் என்றும் அவை தொட்டும் தொடாமலும் நிற்கின்றன என்றும் வரைந்து காட்டினார். அந்தச் சந்திப்புக்கு 1897இல் பெயர் வைத்தவர் இங்கிலாந்தின் சார்லஸ் ஷெரிங்டன். சினாப்ஸ் என்ற சொல் பற்றிக்கொள்வது என்ற பொருளுள்ள கிரேக்க வேரிலிருந்து வந்தது. நடுவில் உள்ள இடைவெளி ஏறத்தாழ 20 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஆயிரக்கணக்கில் இப்படிச் சந்திப்புகள்.

1906ஐ நினைத்தால் எனக்கு எப்போதும் ஒரு சிலிர்ப்பு. அந்த நவம்பர் 3ஆம் தேதி ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் அலாய்ஸ் அல்சைமர், தன்னிடம் சிகிச்சை பெற்று இறந்துபோன அகுஸ்தே டெட்டர் என்ற பெண்ணின் மூளையில் கண்டதை விவரித்தார். செல்களுக்கு வெளியே படிந்த திட்டுகள், செல்களுக்கு உள்ளே முறுக்கி முடிச்சாகிப்போன இழைகள். அடுத்த மாதமே ஸ்டாக்ஹோமில் காஹாலும் இத்தாலியின் கமில்லோ கோல்கியும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். நோயைப் பற்றிய அறிவும் இணைப்பைப் பற்றிய அறிவும் ஒரே குளிர்காலத்தில் அடுத்தடுத்த மேடைகளில் நின்றிருக்கின்றன. ஆனால் இரண்டும் கைகோக்க ஏறக்குறைய 85 வருடங்கள் பிடித்தன. காரணம் எளிமையானது. திட்டுகளும் முடிச்சுகளும் சாதாரண நுண்ணோக்கியிலேயே தெரியும். சினாப்ஸின் இடைவெளியைப் பார்க்க மின்னணு நுண்ணோக்கி வேண்டும். அது 1950களில்தான் கைகூடியது. கண்ணுக்குத் தெரிந்ததையே நோய் என்று நம்பி மூன்று தலைமுறை ஆராய்ச்சி நடந்தது. அதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

திருப்பம் 1990லும் 1991லும் வந்தது. அமெரிக்காவில் ஸ்டீவன் டிகாஸ்கியும் ஸ்டீபன் ஷெஃபும், நோயாளிகள் உயிரோடிருக்கும்போதே மூளையின் முன்பகுதியிலிருந்து எடுக்கப்பட்ட சிறு திசுத்துண்டுகளில் சினாப்ஸ்களை எண்ணினார்கள். சினாப்ஸ் குறையக் குறைய, அந்த மனிதர் மனத்திறன் சோதனையில் எடுத்த மதிப்பெண்ணும் குறைந்திருந்தது. அடுத்த வருடம் கலிஃபோர்னியாவில் ராபர்ட் டெர்ரி குழு இறந்தவர்களின் மூளைகளை வைத்து இதையே இன்னும் அழுத்தமாகச் சொன்னது. அறிவுத்திறன் குறைவதோடு நெருங்கிப் பொருந்துவது திட்டுகளின் எண்ணிக்கையல்ல, சினாப்ஸ் இழப்புதான் என்று. டெர்ரி யார் என்று தெரிந்தால் இதன் கனம் புரியும். 1960களில் அல்சைமர் திட்டுகளையும் முடிச்சுகளையும் மின்னணு நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவர் அவர். வாழ்நாளெல்லாம் எதை ஆராய்ந்தாரோ அதைவிட முக்கியமானது வேறொன்று என்று அவரே எண்ணிக் காட்டினார். அந்த நேர்மைக்கு முன் தலைவணங்கத் தோன்றுகிறது.

1990ஆம் வருட ஆய்வில் இன்னொரு விவரம் உண்டு. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எண்ணிக்கையில் குறைந்த இடங்களில், மிஞ்சியிருந்த சினாப்ஸ்கள் அளவில் பெரிதாகியிருந்தன. போனவற்றின் வேலையையும் தம் தலையில் ஏற்றிக்கொள்ள இருப்பவை விரிந்திருக்கின்றன. ஆள் குறைந்த மெயில் வண்டியில் ஒருவரே மூன்று பலகைக்கு நின்று பிரித்த இரவுகளைப் பற்றி அப்பா சொல்லியிருக்கிறார். அப்படி நின்று சமாளிக்கும் வரையில் வெளியில் யாருக்கும் எதுவும் தெரிவதில்லை. காபி டம்ளர் சம்பவத்துக்கு எத்தனை வருடங்களுக்கு முன்பிருந்து அவர் மூளை இப்படி ஆள் பற்றாக்குறையோடு ஓடியதோ.

இணைப்பு என்றால் என்ன என்பதை எனக்கு விளங்க வைத்ததும் அப்பா சொன்ன கதைதான். சின்ன ஸ்டேஷன்களில் வண்டி இரண்டு நிமிடம் நிற்கும். அதற்குள் அந்த ஊர்ப் பையைக் கீழே கொடுத்து, அங்கிருந்து வர வேண்டிய பையை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு மழை இரவில் பிளாட்பாரத்தில் வாங்க ஆள் வரவில்லை. பை வண்டியிலேயே கடைசி ஊர் வரை போய், மறுநாள் திரும்பி வந்தது. எழுதியவர் சரியாக எழுதியிருக்கிறார், பிரித்தவர் சரியாகப் பிரித்திருக்கிறார், வண்டியும் நேரத்துக்கு வந்திருக்கிறது. பை கைமாற வேண்டிய இடத்தில் கை இல்லை. அவ்வளவுதான். சினாப்ஸும் பை மாற்றும் இடம்தான். இந்தப் பக்க நியூரான் சின்னச் சின்ன நுண்பைகளில் வேதிப்பொருளை வைத்திருக்கிறது; சமிக்ஞை வந்ததும் இடைவெளியில் கொட்டுகிறது; அந்தப் பக்க ஏற்பிகள் வாங்கிக்கொள்கின்றன. அடிக்கடி பை மாறும் இடம் பலப்படுகிறது. 1973இல் டிம் பிளிஸும் டெர்யே லோமோவும் முயலின் ஹிப்போகாம்பஸில் இதை நிரூபித்தார்கள். சற்று நேரம் வேகமாகத் தூண்டிய இணைப்பு, பிறகு மணிக்கணக்கில் பலமாகவே இருந்தது. நினைவு பதிவதன் அடிப்படை இதுதான் என்று அறிவியல் உலகம் பரவலாகக் கருதுகிறது. காபி குடித்தது பதியவில்லை என்றால், அந்த மாலையில் எங்கோ பல லட்சம் இடங்களில் பை கைமாறவில்லை.

சரி, இணைப்பை அறுப்பது எது?

முதல் குற்றவாளி அமிலாய்டு பீட்டா என்ற புரதம். திட்டுகள் அதனால் ஆனவைதான். ஆனால் திட்டாகப் படிந்த பிறகு அது செய்யும் தீங்கைவிட, படியாமல் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து கரைந்து திரியும்போது செய்யும் தீங்கு அதிகம் என்று 1998 முதல் ஆய்வுகள் வரத் தொடங்கின. 2008இல் டென்னிஸ் செல்கோவின் பாஸ்டன் ஆய்வகத்தினர் செய்தது தெளிவான சோதனை. அல்சைமர் நோயில் இறந்தவர்களின் மூளையிலிருந்து கரைந்த அமிலாய்டைத் தனியே எடுத்தார்கள். திட்டின் கெட்டியான கருவைத் தனியே எடுத்தார்கள். கரைந்தது, எலி மூளையில் சினாப்ஸ் பலப்படுவதைத் தடுத்தது; நியூரானின் கிளைகளில் சினாப்ஸ் அமரும் சிறு முட்களைக் குறைத்தது; எலி கற்றதை மறந்தது. கெட்டியான கரு அப்படியே இருந்தவரை ஒன்றும் செய்யவில்லை. கரைத்துவிட்டபோதுதான் கெடுத்தது. திட்டை மட்டும் துரத்துவது தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்று எனக்குத் தோன்றியது இதைப் படித்தபோதுதான்.

இந்த இடத்தில் ஒரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். இதே கரைந்த அமிலாய்டைப் பற்றி 2006இல் நேச்சர் இதழில் வந்து மிகப் பரவலாக மேற்கோள் காட்டப்பட்ட ஒரு கட்டுரை, படங்கள் திருத்தப்பட்டிருந்ததால் 2024இல் திரும்பப் பெறப்பட்டது. அது ஒரே ஒரு குறிப்பிட்ட புரதத் திரட்டைப் பற்றியது. மற்ற ஆய்வகங்கள் தனியாகக் கண்டவற்றை அது அழித்துவிடவில்லை. இருந்தாலும் நோயாளியின் வீட்டிலிருந்து பார்க்கும்போது கோபம் வருகிறது. எங்களுக்கு நாட்கள் எண்ணப்பட்டவை. அதில் ஒரு வருடத்தைத் தவறான திசையில் செலவிட வைப்பது சின்னக் குற்றம் இல்லை.

இரண்டாவது, டௌ புரதம். நியூரானின் உள்ளே தண்டவாளம்போல் ஓடும் நுண்குழாய்களைத் தாங்கிப் பிடிப்பது அதன் இயல்பான வேலை. நோயில் அது இடம் பெயர்ந்து சினாப்ஸுக்குள் வந்து சேர்கிறது. எடின்பரோவில் தாரா ஸ்பைர்ஸ் ஜோன்ஸ் தலைமையிலான குழு 2023இல் வெளியிட்ட ஆய்வில், மனித மூளையின் சினாப்ஸ்களில் இரு பக்கங்களிலும் சிறு திரட்டுகளாக டௌ இருப்பதைக் காட்டினார்கள். ஒரு நியூரானிலிருந்து அடுத்ததற்கு நோய் பரவுவது இந்த வாசல் வழியாகத்தான் என்பதற்கு அது வலுவான தடயம். கடிதம் போகிற பாதையிலேயே விஷமும் போகிறது.

மூன்றாவது கதைதான் என்னை அதிகம் உலுக்கியது. 2007இல் பெத் ஸ்டீவன்ஸ், ஸ்டான்ஃபோர்டில் பென் பாரஸின் ஆய்வகத்தில் இருந்தபோது ஒன்றைக் கண்டார். பிறந்த குழந்தையின் மூளையில் தேவைக்கு அதிகமாகச் சினாப்ஸ்கள் இருக்கும். வளர வளர வேண்டாதவை களையெடுக்கப்படும். எதை எடுப்பது என்று எப்படித் தெரிகிறது? கிருமிகளுக்கு எதிராக நம் இரத்தத்தில் சுற்றும் சி1க்யூ, சி3 போன்ற நிரப்புப் புரதங்கள் மூளையிலும் வேலை செய்கின்றன. நீக்க வேண்டிய சினாப்ஸின் மேல் அடையாளம் ஒட்டிவிடுகின்றன. மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியாக்கள் அந்த அடையாளத்தைப் பார்த்து விழுங்கிவிடுகின்றன. வளரும் மூளையைச் செதுக்குவது இந்தக் களையெடுப்புதான். 2016இல் அவருடைய பாஸ்டன் குழு, ஆய்வுக்காக அல்சைமர் போன்ற நோய் வரவைத்த எலிகளில் இதே பொறி மறுபடி முடுக்கப்படுவதைக் காட்டியது. திட்டுகள் உருவாவதற்கும் முன்பே சி1க்யூ சினாப்ஸ்களில் ஏறியிருந்தது. அதைத் தடுத்தபோது சினாப்ஸ்கள் தப்பின. குழந்தைப் பருவத்தில் களையை மட்டும் பிடுங்கிய கை, முதுமையில் நெல்லையும் சேர்த்துப் பிடுங்குகிறது. வேலியே பயிரை மேய்வது என்று சொல்வோமே, அது இங்கே உவமைகூட இல்லை, நடப்பதே அதுதான். மனித மூளையிலும் அல்சைமர் நோயில் இந்தச் செல்கள் வழக்கத்தைவிட அதிகமாகச் சினாப்ஸ்களை விழுங்குவதை எடின்பரோ குழு பிறகு கண்டது.

எடின்பரோவைப் பற்றி இரண்டு முறை சொல்லிவிட்டேன். இன்னும் கொஞ்சம் சொல்லாமல் நகர முடியவில்லை. 1947 ஜூன் 4ஆம் தேதி ஸ்காட்லாந்து முழுவதும் 1936இல் பிறந்த பள்ளிப் பிள்ளைகளை உட்கார வைத்து ஓர் அறிவுத்திறன் தேர்வு நடத்தினார்கள். 70,805 பேர் எழுதினார்கள். விடைத்தாள்கள் பத்திரமாக இருந்தன. ஏறக்குறைய 60 வருடங்கள் கழித்து, அதே பிள்ளைகளில் எடின்பரோ பக்கம் வசித்த 1,091 பேரைத் தேடிப் பிடித்து, மறுபடி சோதித்து, சில வருடங்களுக்கு ஒருமுறை தொடர்ந்து பார்த்துவருகிறார்கள். அவர்களில் சிலர், இறந்த பிறகு மூளையை ஆய்வுக்குக் கொடுப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு நானோமீட்டர் கணக்குச் சினாப்ஸைப் பார்க்கும்போதே, இந்த மனிதர் 11 வயதில் எப்படி யோசித்தார், 70இல் எப்படி, 80இல் எப்படி என்ற கணக்கும் பக்கத்தில் இருக்கிறது. உலகத்தில் இப்படி ஒரு சொத்து அபூர்வம். ஒரு பள்ளி ஆசிரியையாக, பழைய விடைத்தாள் கட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஜூன் மாதக் காலை நினைவுக்கு வருகிறது.

நம் பக்கத்தில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 1995 முதல் மூளை வங்கி ஒன்று இருக்கிறது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா எனும் மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான மதிப்பீடு சொல்கிறது. கண்தானம் என்றால் நம் வீடுகளில் இப்போது பெருமை. மூளையைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரியவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். என் தம்பியிடம் மட்டும், என்னுடையதைக் கொடுத்துவிடு என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவன் பதில் சொல்லவில்லை. இன்னொரு நாள் மறுபடி சொல்வேன்.

திட்டு இருந்தும் தெளிவாக வாழ்ந்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் 1986இல் டேவிட் ஸ்நோடன் தொடங்கிய ஆய்வில் 678 கன்னியாஸ்திரீகள் பங்கேற்றார்கள். அதில் சிஸ்டர் மேரி என்பவர் 101 வயதில் இறக்கும்வரை சோதனைகளில் நன்றாகச் செய்தார். மூளையைத் திறந்து பார்த்தால் திட்டுகளும் முடிச்சுகளும் நிறைய. அப்படிப்பட்டவர்களின் மூளையில் சினாப்ஸ்கள் பெருமளவு காப்பாற்றப்பட்டிருப்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நோய் ஒன்றுதான், இணைப்பு பிழைத்தவர் பிழைத்தார்.

உயிரோடிருக்கும் ஒருவரின் சினாப்ஸ்களைப் பார்க்கவே முடியாதா என்ற கேள்விக்கு 2016இல் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்தது. நுண்பைகளின் சுவரில் எஸ்வி2ஏ என்ற ஒரு புரதம் இருக்கிறது. அதில் போய் ஒட்டிக்கொள்ளும் யுசிபி-ஜே என்ற கதிரியக்கப் பொருளைச் சிறிதளவு ஊசியில் ஏற்றிப் பெட் ஸ்கேன் எடுத்தால், சினாப்ஸ் அடர்ந்த இடம் ஒளிர்ந்து தெரியும். 2018இல் அதே குழு, தொடக்கநிலை அல்சைமர் உள்ளவர்களின் ஹிப்போகாம்பஸில் இந்த ஒளி, நலமாக உள்ளவர்களைவிடச் சராசரியாக 41 சதவீதம் குறைந்திருப்பதைக் காட்டியது. ஆய்வில் இருந்தவர்கள் இருபது பேர் அளவுதான். ஆனாலும் ஒரு மருந்து சினாப்ஸைக் காப்பாற்றுகிறதா என்பதை அறிய இனி மரணம்வரை காத்திருக்க வேண்டியதில்லை. என் கணிப்பில் இந்தப் பத்தாண்டுகளில் நடந்தவற்றிலேயே பெரியது இதுதான்.

எஸ்வி2ஏ நம் தெரு மருந்துக்கடைக்கும் பழக்கமான புரதம். வலிப்புக்குத் தருகிற லெவெடிரசெட்டம் மாத்திரை ஒட்டிக்கொள்வது இதில்தான். சினாப்ஸ் தேயத் தொடங்கும் காலத்தில் ஹிப்போகாம்பஸின் சில பகுதிகள் அளவுக்கு மீறிப் படபடக்கின்றன. 2012இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மிகேலா காலகர் குழு, லேசான நினைவுக் குறைவு உள்ளவர்களுக்கு இந்த மருந்தை மிகக் குறைந்த அளவில் கொடுத்துப் படபடப்பு தணிவதையும் நினைவுச் சோதனையில் முன்னேற்றத்தையும் கண்டது. 2021இல் வந்த இன்னொரு சிறிய சோதனையில், அல்சைமர் நோயாளிகள் எல்லோருக்கும் என்று பார்த்தால் பலன் இல்லை. மூளை அலையில் வலிப்பின் சாயல் இருந்தவர்களுக்கு மட்டும் சில திறன்கள் மேம்பட்டன. இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக்கடைக்குப் போய்விட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். இந்த மாத்திரை சிலருக்கு எரிச்சலையும் மனச்சோர்வையும் கொண்டுவரும். யாருக்கு, எவ்வளவு என்பதை நரம்பியல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அப்பா சாப்பிடுவது டோனெபெசில். 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பழைய மருந்து. சினாப்ஸ் இடைவெளியில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது. வாங்கும் ஆள் தாமதமாக வந்தாலும் பை இன்னும் கொஞ்ச நேரம் பிளாட்பாரத்தில் இருக்கும்படி செய்கிறது. ஸ்டேஷன் மூடப்படுவதை அது நிறுத்தாது. 2023இல் முழு அனுமதி பெற்ற லெக்கனமேப், திட்டாவதற்கு முந்தைய நிலையில் உள்ள அமிலாய்டையும் பிடித்து அகற்றும் மருந்து. 1,795 பேரிடம் 18 மாதம் நடந்த சோதனையில் நோய் முன்னேறும் வேகம் 27 சதவீதம் குறைந்தது. நோயின் கடுமையை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் அந்த வித்தியாசம் 0.45 புள்ளி. ஏறக்குறைய எட்டில் ஒருவருக்கு ஸ்கேனில் மூளை வீக்கம் தெரிந்தது. 27 என்ற எண் செய்தித்தாளில் பெரிதாக வந்தது, 0.45 வரவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் மட்டுமே தம் வீட்டுக்கு எது சரி என்று யோசிக்க முடியும். மருந்து வழி திறந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அறுந்த இணைப்பை மறுபடி வளர்க்கும் மருந்து இன்னும் வரவில்லை.

வளருமா என்று கேட்டால், வளரும் என்று ஓர் அணில் சொல்கிறது. குளிர் நாடுகளில் தரையில் வளை தோண்டி வாழும் அணில் வகை உண்டு. மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். அந்த உறக்கத்தில் அதன் ஹிப்போகாம்பஸ் நியூரான்களின் கிளைகள் சுருங்கிவிடுகின்றன, சினாப்ஸ்கள் குறைந்துவிடுகின்றன. விழித்த சில மணி நேரத்தில் கிளைகள் மறுபடி விரிந்துவிடுகின்றன. 1990களின் தொடக்கத்தில் ரஷ்ய ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்டார்கள். 2003இல் ஜெர்மனியின் தாமஸ் ஆரென்ட் குழு, உறங்கும் அணிலின் மூளையில் டௌ புரதம் அல்சைமரில் இருப்பதைப்போலவே மாறி, விழித்ததும் பழைய நிலைக்குத் திரும்புவதைக் காட்டியது. 2015இல் பிரிட்டனில் ஜியோவன்னா மல்லூச்சி குழு எலிகளைக் குளிர வைத்துப் பார்த்தது. நலமான எலிகளில் கலைந்த சினாப்ஸ்கள் சூடு திரும்பியதும் கூடின. அல்சைமர் போன்ற நோய் வரவைத்த எலிகளால், நோய் சற்று முற்றிய பிறகு, அப்படிக் கூட்ட முடியவில்லை. குளிரில் சுரக்கும் ஆர்பிஎம்3 என்ற புரதம் அவற்றில் எழவில்லை. அதை எழுப்பிவிட்டபோது சினாப்ஸ்கள் காப்பாற்றப்பட்டன. எலிக்குப் பலித்தது மனிதருக்குப் பலிக்காமல் போன கதைகள் இந்தத் துறையில் நிறைய. அதை நான் மறக்கவில்லை. ஆனால் பாலூட்டியின் மூளைக்கு இணைப்பைக் கலைத்துக் கூட்டும் கலை தெரியும் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

இத்தனையும் படித்ததால் வீட்டில் என்ன மாறியது என்று அம்மா கேட்பார். மாறியது ஒன்று உண்டு. முன்பெல்லாம் அப்பா தெளிவாக இருக்கும் நாளில், "அப்படியென்றால் நேற்று வேண்டுமென்றே செய்தாரா?" என்று எனக்குள் சந்தேகம் எழும். இப்போது எழுவதில்லை. செத்த செல் திரும்பி வராது. தளர்ந்த இணைப்போ ஒரு நாள் பையை வாங்கும், மறுநாள் விட்டுவிடும். தூக்கம், காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, காது கேட்காத குழப்பம் எல்லாமே அந்தத் தளர்ந்த கையை இன்னும் தளர்த்தும். செவித்துணைக் கருவி வாங்கிய பிறகு மாலை நேரக் குழப்பம் பாதியாகக் குறைந்தது, எங்கள் வீட்டில். அவர் ஒரே கேள்வியைப் பத்தாவது முறை கேட்கும்போது எனக்குக் குரல் உயர்வதும் குறைந்திருக்கிறது. முழுவதும் நின்றுவிட்டது என்று சொன்னால் பொய்.

போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பை நிறையப் பழைய கல்யாணப் பத்திரிகைகள் கிடைத்தன. உறையோடு இருந்தன. அப்பா முன்னால் தரையில் வைத்தேன். ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையில் கட்டை ஏந்தி, வலது கட்டைவிரலால் மேல் உறையைத் தள்ளி, தரையில் இடம் பிரித்துப் போடத் தொடங்கினார். தஞ்சாவூர் ஒரு பக்கம், கும்பகோணம் ஒரு பக்கம், விழுப்புரம் ஒரு பக்கம். ஒரு உறையில் பின்கோடு இல்லை. மாயவரம் என்று மட்டும் எழுதியிருந்தது. கை நிற்கவே இல்லை, அது மயிலாடுதுறைக் குவியலில் போய் விழுந்தது. கை பழகிய வேலைகள் ஹிப்போகாம்பஸை நம்பி இருப்பதில்லை. வேறு ஆழமான பகுதிகளில் பதிந்தவை, நோய் அங்கே மெதுவாகத்தான் வரும். இதைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். கண் முன்னால் பார்த்தது அன்றைக்குத்தான்.

கும்பகோணக் குவியலை நான் சணலால் கட்டினேன். அப்பா முடிச்சை இழுத்துப் பார்த்தார்.

"சீட்டு எங்கே அம்மா?" என்றார்.

பழைய நோட்டிலிருந்து ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தேன். கும்பகோணம் என்று எழுதினார். எழுத்து நடுங்கவில்லை. கீழே தேதிக்கு இடம் விட்டு, பேனாவை நிறுத்தி, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்றைக்கு என்ன தேதி?"

சொன்னேன். எழுதிக்கொண்டார்.